தறி ஓய்ந்த பின் மொழி நிலைக்குமா?

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணியின் நெசவாளர் தெருக்களில் காலை வேளையில் நடந்து செல்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். வாசலில் நின்று பால்காரரிடம் தமிழில் கணக்குப் பேசிக்கொண்டிருக்கும் நெசவாளர், உள்ளிருந்து அழைக்கும் தாய்க்கு வேறொரு மொழியில் விடை சொல்வார். அந்த மொழி சௌராஷ்டிரம். சற்றுத் தள்ளி வாழும் செங்குந்த நெசவாளரின் வீட்டில் தமிழே தாய்மொழி. மொழி வேறாயினும் இரு வீட்டிலும் குழித்தறி ஒன்றுதான். பாவும் ஊடையும் ஒன்றுதான். விற்காத சேலையைப் பற்றிய கவலையும் ஒன்றுதான்.

ஆரணிக்கு இத்தகைய கலப்பு புதிதன்று. நெடுங்காலம் மராத்தி பேசும் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த ஊர் இது. அரண்மனையில் ஒரு மொழி, தறிக்கூடத்தில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி என வாழ்ந்து பழகிய ஊர். இவற்றுள் சௌராஷ்டிர மொழியின் நிலை மட்டும் தனித்தன்மை உடையது. அதற்கெனத் தமிழ்நாட்டில் ஒரு மாவட்டம்கூடக் கிடையாது. அரசு அலுவலகங்களில் அது புழங்குவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளியில் கற்பிக்கப்படுவதும் இல்லை. அதைப் பேசுவோர் ஆரணி, வாலாஜாபேட்டை, சேலம், கும்பகோணம், அய்யம்பேட்டை, திண்டுக்கல், மதுரை, பரமக்குடி என்று சிதறி வாழ்கின்றனர். இருந்தும் பல நூற்றாண்டுகளாக அவர்கள் தம்மை ஒரே மக்களாகவே கருதி வந்துள்ளனர்.

நிலமும் அரசும் பள்ளியும் இல்லாத மக்களைப் பிணைத்து வைத்தது எது? அந்தப் பிணைப்பு இன்னும் எத்தனை தலைமுறைக்குத் தாங்கும்? இக்கேள்விகள் சௌராஷ்டிர சமூகத்துக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கிவிட இயலாது. கைத்தறித் தொழில் தேய்ந்துவரும் ஒவ்வோர் ஊரும் இவற்றை எதிர்கொண்டே ஆகவேண்டும்.

சொற்களில் பதிந்த பயணம்

சௌராஷ்டிரம் இந்தோ-ஆரிய மொழி. குஜராத்திக்கும் மராத்திக்கும் உறவுடையது. தண்ணீரை இன்றும் 'பானி' என்று சொல்லும் வீடுகள் அவை. ஆயினும் அதில் தெலுங்கு, கன்னடம், தமிழ்ச் சொற்கள் ஏராளமாகக் கலந்துள்ளன. ஒரு மக்கள் கூட்டம் எந்தெந்த நாட்டில் தங்கி, யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது என்பதை அதன் கடன் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும். குஜராத்திலிருந்து தக்காணம் வழியாக விஜயநகரப் பேரரசுக்கு வந்து, பின்னர் நாயக்கர் ஆட்சியில் தமிழகத்தில் குடியேறியதாக அம்மக்களின் மரபுரை கூறுகிறது. மொழியில் படிந்துள்ள அடுக்குகள் அந்த மரபுரைக்கு இசைவாகவே உள்ளன.

இம்மொழிக்குத் தனி எழுத்து உண்டு. ம, ந, ர, ல ஆகிய ஒலிகளை மூச்சொலியுடன் உச்சரிப்பதைக் காட்ட அதில் தனிக்குறியே இருக்கிறது. 2008ஆம் ஆண்டு அந்த எழுத்து யூனிகோட் தரத்தில் இடம்பெற்றது. ஆனால், அம்மொழியைப் பேசுவோரில் பெரும்பாலோர் இன்று தமிழ் எழுத்திலேயே அதை எழுதுகின்றனர்.

இச்சமூகம் தமிழகத்துக்குத் தந்த கொடைகள் சிறியவை அல்ல. ஆரணிக்கு வடக்கே உள்ள வாலாஜாபேட்டையில் வாழ்ந்த வேங்கடரமண பாகவதர், தியாகராஜரின் முதன்மையான சீடர்களுள் ஒருவர், சௌராஷ்டிரர். தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகள் பல நமக்குக் கிடைத்ததில் அவரும் அவருடைய மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதி வைத்த சுவடிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. கும்பகோணத்தின் எம்.வி. வெங்கட்ராம், சௌராஷ்டிர நெசவாளர் வாழ்வை 'வேள்வித் தீ' என்னும் தமிழ்ப் புதினமாக்கினார். 'காதுகள்' புதினத்துக்காக 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவரே ஒரு காலத்தில் ஜரிகை வணிகம் செய்தவர். மதுரையின் சுங்குடிச் சேலையில் இடப்படும் முடிச்சுகள், குஜராத்தின் பாந்தினித் துணியை நினைவூட்டுகின்றன. தமிழ்நாட்டுப் பண்பாடு என்று நாம் கொண்டாடுவனவற்றில் இவை யாவும் அடங்கும்.

ஆப்பிரிக்கா காட்டும் எடுத்துக்காட்டு

சிதறி வாழும் மக்களை மொழி எவ்வாறு பிணைக்கிறது என்பதை அறிய, உலகிலேயே மிக விரிந்த எடுத்துக்காட்டு ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பம். கேமரூன் முதல் கென்யா வரை, அங்கிருந்து தென்னாப்பிரிக்கா வரை, ஏறத்தாழ ஐந்நூறு மொழிகள் இக்குடும்பத்தில் உள்ளன. சுவாஹிலி, ஜூலு, ஷோனா, கிகுயூ, லிங்காலா ஆகியவை நம் காதில் விழுந்திருக்கக்கூடிய சில பெயர்கள்.

மனிதனைச் சுவாஹிலியில் 'ம்டு' என்பர், மனிதர்கள் 'வாட்டு'. ஜூலுவில் 'உமுண்டு', 'அபாண்டு'. ஷோனாவில் 'முன்ஹு', 'வன்ஹு'. கொங்கோ மொழியில் 'முண்டு', 'பாண்டு'. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் வாழும் மக்கள் 'மனிதர்' என்பதை ஒரே வேரிலிருந்து சொல்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்ஹெல்ம் பிளீக் என்னும் ஜெர்மானிய மொழியறிஞர் இந்த ஒற்றுமையைக் கொண்டே அம்மொழிகளுக்குப் பாண்டு என்று பெயர் சூட்டினார். ஆட்டைக் குறிக்கும் சொல்லும் அப்படியே: சுவாஹிலியில் 'ம்புசி', ஜூலுவில் 'இம்புசி', ஷோனாவில் 'ம்புட்சி'.

இச்சொற்களை ஒப்பிட்ட அறிஞர்கள், ஏறத்தாழ நாலாயிரம், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய நைஜீரியா–கேமரூன் எல்லைப்பகுதியிலிருந்து சிறுசிறு கூட்டங்களாக மக்கள் புறப்பட்டனர் என்று கண்டனர். கிழங்கும் தானியமும் பயிரிடும் அறிவு, ஆடு வளர்ப்பு, மட்பாண்டத் தொழில், பின்னர் இரும்பு உருக்கும் திறன் ஆகியவற்றோடு அவர்கள் படிப்படியாகத் தெற்கும் கிழக்கும் பரவினர். போகும் வழியில் பிறரோடு கலந்தனர். பிறர் சொற்களை ஏற்றனர். அங்கும் மொழியோடு கைத்தொழிலும் சேர்ந்தே பயணம் செய்தது.

பாண்டு என்பது மொழிக் குடும்பத்தின் பெயரே தவிர, இனத்தின் பெயரன்று. இதை மறந்து, அப்பெயரை மக்களைப் பிரிக்கும் முத்திரையாக்கியது தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு. 1953ஆம் ஆண்டின் பாண்டுக் கல்விச் சட்டம் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தாழ்ந்த கல்வியைச் சட்டமாக்கியது. ருவாண்டாவின் கதை இதனினும் கொடியது. அங்கே ஹுட்டு, டுட்ஸி மக்கள் இருசாராரும் பேசுவது கின்யாருவாண்டா என்னும் ஒரே பாண்டு மொழி. 1930களில் பெல்ஜிய ஆட்சி அவர்களுக்கு இனப்பெயர் பொறித்த அடையாள அட்டைகளை வழங்கியது. 1994இல் நிகழ்ந்த படுகொலையில் இலட்சக்கணக்கானோர் மாண்டபோது, யாரைக் கொல்வது என்று முடிவு செய்ய அந்த அட்டைகளே பயன்பட்டன.

ஆகவே, பொது மொழி மட்டுமே மக்களைச் சேர்த்து வைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. உறவு நிலைப்பதற்குச் சேர்ந்து செய்யும் ஏதோ ஒரு செயலும், அதற்கு உரிய நியாயமான அமைப்பும் தேவைப்படுகின்றன.

சோமநாதத்துக்கு அருகில் ஒரு முரசு

சேர்ந்து செய்யும் செயலின் வலிமைக்கு இந்தியாவிலேயே ஒரு சான்று உண்டு. அது, சௌராஷ்டிர நெசவாளர்கள் தம் பூர்விகமாகக் கருதும் அதே மண்ணில் இருப்பது வியப்பளிக்கும். குஜராத்தின் கிர் சோமநாத் மாவட்டத்தில் ஜாம்பூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கு வாழும் சித்தி மக்கள், பல நூற்றாண்டுகளாக அடிமைகளாகவும் மாலுமிகளாகவும் படைவீரர்களாகவும் இந்துமாக்கடலைக் கடந்து வந்த ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய முன்னோரில் பலர் கிழக்கு ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளைப் பேசியவர்கள்.

இன்று அவர்கள் பேசுவது குஜராத்தி. முன்னோரின் மொழி வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால், முரசு கொட்டி ஆடும் அவர்களின் ஆட்டத்துக்கு இன்றும் 'கோமா' என்றே பெயர். பாண்டு மொழிகள் பலவற்றில் 'ங்கோமா' என்றால் முரசு. அதோடு சேர்ந்த பாட்டும் ஆட்டமும்கூட அச்சொல்லில் அடங்கும். மொழி முழுவதும் கரைந்த பின்னும், கூடிச் செய்யும் செயலோடு ஒட்டியிருந்த ஒரு சொல் மட்டும் கரையாமல் நின்றிருக்கிறது.

சௌராஷ்டிர மண்ணிலிருந்து வந்ததாகக் கூறுவோர் ஆரணியில் தறி நெய்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தோர் அதே சௌராஷ்டிர மண்ணில் முரசு கொட்டுகின்றனர். 2023 ஏப்ரலில் சோமநாதத்தில் தொடங்கிய சௌராஷ்டிர–தமிழ்ச் சங்கமத்துக்கு இங்கிருந்து ஏராளமானோர் சென்று வந்தனர். பழைய உறவை நினைவுகூரும் விழாக்கள் வரவேற்கத்தக்கவையே. ஆனால், விழா சில நாள்களில் முடிந்துவிடும். உறவைக் காப்பது அதன் பின் வரும் அன்றாட வேலை.

தறி என்னும் பள்ளிக்கூடம்

நெசவு தனியொருவர் தொழிலன்று. பாவு தயாரிக்கப் பல கைகள் வேண்டும். ஒருவர் தறியில் அமர்ந்தால் மற்றொருவர் தார் சுற்ற வேண்டும். கரையும் உடலும் வேறு நிறமாக அமையும் சேலைக்கு, நாடா தள்ள அருகில் இன்னொருவர் அமர வேண்டும். பழைய பாவு தீரும் நேரத்தில், அதன் ஒவ்வோர் இழை முனையோடும் புதிய பாவின் இழை முனையைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அவ்வேலை நடக்கும் மணிக்கணக்கான பொழுதெல்லாம் பேச்சு நடக்கும். பாட்டி சொல்லும் கதையும், திருமணப் பேச்சும், திட்டும் கேலியும் அந்தப் பொழுதில்தான். சிறுவர்கள் தொழிலைக் கற்ற இடமும் மொழியைக் கற்ற இடமும் ஒன்றாகவே இருந்தன.

பொருளாதாரத்தில் மனித மூலதனம் என்று ஒரு கருத்து உண்டு. கல்வியிலும் பயிற்சியிலும் இடும் முதலீடு பிற்காலத்தில் வருமானமாகத் திரும்பும் என்பது அதன் சாரம். நெசவாளர் வீட்டில் அந்த முதலீட்டைப் பள்ளிக்கூடமோ அரசோ இடவில்லை, குடும்பமே இட்டது. அதன் பலனாகக் கூலி கிடைத்தவரை, தொழிலோடு சேர்ந்து மொழியும் செலவின்றி அடுத்த தலைமுறைக்குச் சென்றது. கூலி குறைந்தபோது முதலீடு நின்றது. அதனுடன் இலவசமாக வந்துகொண்டிருந்த மொழியும் வழக்கங்களும் வழி தெரியாமல் நின்றுவிட்டன.

கூலியின் நிலை என்ன? 1995ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 65 இலட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருந்தனர். 2009–10இல் அவர்கள் 43 இலட்சமாகக் குறைந்தனர். 2019–20இல் 35 இலட்சம். அந்தக் கடைசிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுபவை. கைத்தறிக்கென 22 வகைத் துணிகளை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டின் சட்டத்தில் இன்று 11 வகைகளே எஞ்சியுள்ளன. அவற்றில் சேலை உண்டு என்றாலும், கைத்தறி என்னும் பெயரில் விசைத்தறிச் சேலைகள் விற்கப்படுவதை யாரும் மறுப்பதில்லை.

மொழிக்கணக்கு வேறுவிதமாகத் தோன்றும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று பதிந்தோர் 1,85,420 பேர். 2011இல் 2,47,702 பேர். எண்ணிக்கை உயர்ந்திருக்கிறதே என்று கேட்கலாம். கணக்கெடுப்பாளரிடம் தாய்மொழியின் பெயரைச் சொல்வது ஒன்று; பேரக்குழந்தையிடம் அம்மொழியில் பேசுவது வேறொன்று. முன்னது அடையாளப் பற்றைக் காட்டுகிறது. பின்னதை எந்தக் கணக்கெடுப்பும் அளப்பதில்லை. கணக்கெடுப்போ இம்மொழியைத் தனி மொழியாகவும் காட்டாமல் குஜராத்தியின் கீழ் அடக்கிவிடுகிறது. பல நூற்றாண்டுகளாகத் தமிழ் மண்ணில் வளர்ந்த மொழிக்கு அட்டவணையில் கிடைத்த இடம் அவ்வளவே.

மந்தசோர் கல்வெட்டு சொல்வது

அப்படியானால், மொழியைக் காப்பதற்காக நெசவாளர் பிள்ளைகளைத் தறியிலேயே இருத்தி வைக்கலாமா? கூடாது. குழித்தறியில் காலையிலிருந்து இரவுவரை குனிந்து, முதுகும் கண்ணும் கெட்டு, வாங்கிய முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த தந்தை, தன் மகள் பொறியாளராக வேண்டும் என்று விரும்புவதில் பிழையேதும் இல்லை. பண்பாட்டின் பெயரால் வறுமையைப் போற்றுவது, வறுமையை அறியாதவர்கள் செய்யும் வேலை.

இந்தச் சிக்கலுக்கு வழிகாட்டும் பழைய ஆவணம் ஒன்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் கிடைத்த கல்வெட்டு, தென் குஜராத்தாகிய லாட நாட்டிலிருந்து அந்நகருக்குப் பெயர்ந்து வந்த பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. அச்சங்கம் பொ.ஆ. 436-37 அளவில் சூரியனுக்குக் கோயில் எழுப்பியது. பழுதடைந்த அக்கோயிலைச் சில பத்தாண்டுகள் கழித்து, 473 அளவில், புதுப்பித்தது. அந்நெசவாளர்களை இன்றைய சௌராஷ்டிரர்களின் நேரடி முன்னோராக நிறுவப் போதிய சான்றில்லை. ஆனால், கல்வெட்டு சொல்லும் செய்தி இரு சாராருக்கும் பொருந்தும்.

புதிய ஊருக்கு வந்த பின் சங்கத்தினர் அனைவரும் நெசவிலேயே நின்றுவிடவில்லை. சிலர் வில்வித்தை கற்றனர், சிலர் சோதிடம் பயின்றனர், சிலர் போர்வீரராயினர், மற்றவர்கள் பட்டு நெசவைத் தொடர்ந்தனர். தொழில் பிரிந்த பிறகும் சங்கம் பிரியவில்லை. கோயிலைக் கட்டியதும் அதே சங்கம். புதுப்பித்ததும் அதே சங்கம். தொழிலை விட்டவர்களையும் தன்னுள் வைத்திருக்கும் ஓர் அமைப்பு இருந்ததால், கூட்டுறவு தலைமுறை தாண்டியது.

ஆரணியில் இன்று குறைவாக இருப்பது அத்தகைய அமைப்பே. கூட்டுறவுச் சங்கங்கள் நூலும் கூலியும் வழங்கும் அலுவலகங்களாக நிற்கின்றன. தறியை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் சென்ற மகனுக்கோ மகளுக்கோ அவற்றில் இடமில்லை. ஊரைவிட்டுப் போனவர்கள் திருவிழாவுக்கு வருகிறார்கள். மொழிக்கும் தொழிலுக்கும் அவர்கள் திரும்பி வர வாசல் எதுவும் திறந்திருக்கவில்லை.

செய்யக்கூடியவை

முதலில் கூலி. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து ஆண்டுகள் பல ஆகின்றன. அக்குறியீடு சேலையின் விலையை உயர்த்தினால், அந்த உயர்வில் ஒரு பங்கு நெய்தவருக்குப் போய்ச் சேர்வதை உறுதி செய்ய வேண்டும். கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தை மீறி விசைத்தறியில் நெய்யப்படும் சேலைகளைக் கடைகளில் சோதிக்கும் பணி, பண்டிகைக் காலத்துக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. தொழிலில் தொடர விரும்புபவர் மானத்தோடு தொடர முடிந்தால்தான், தொழிலோடு ஒட்டிய மற்றவை பிழைக்கும்.

இரண்டாவது, தறிச் சொற்களின் தொகுப்பு. பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா என்று தமிழ் நெசவாளர் சொல்பவற்றுக்குச் சௌராஷ்டிரரும், தெலுங்கு பேசும் பத்மசாலியரும், கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கரும் வைத்திருக்கும் சொற்களை ஒருசேரத் தொகுத்தால், யார் யாரிடம் எதைக் கற்றனர் என்பது விளங்கும். பாண்டு மக்களின் வரலாறு அப்படித்தான் எழுதப்பட்டது. 'மனிதன்', 'ஆடு' என்ற எளிய சொற்களிலிருந்தே ஒரு கண்டத்தின் பயணம் மீட்கப்பட்டது. இப்பணிக்குப் பெரிய ஆய்வு நிறுவனம் தேவையில்லை. அருகிலுள்ள கல்லூரிகளின் மாணவர்கள், முதியவர் ஒருவரோடு ஒரு தறியின் அருகில் சில நாள்கள் அமர்ந்தாலே தொடங்கிவிடலாம். அந்த முதியவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

மூன்றாவது, கல்வி. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழி வழியே கற்பிக்க வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350அ பிரிவு. ஆரணியில் முழுப் பள்ளிப்படிப்பையும் சௌராஷ்டிரத்தில் நடத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மாலை நேரத்தில் வாரம் இரு வகுப்பு, விரும்பும் குழந்தைகளுக்கு எழுத்துப் பயிற்சி, அதற்கோர் ஆசிரியர் ஊதியம். கூட்டுறவுச் சங்கக் கட்டடமே வகுப்பறையாகலாம். தொழிலை விட்டவர்களின் பிள்ளைகளும் அங்கே வந்து அமரலாம். மந்தசோர் சங்கம் கோயிலால் சாதித்ததை ஆரணிச் சங்கம் ஒரு வகுப்பறையால் சாதிக்க முடியும்.

இவற்றால் தமிழுக்குக் குறையேதும் நேராது. தமிழில் பாடி, தமிழில் எழுதி, தமிழரோடு தறியும் தெருவும் பகிர்ந்து வாழ்ந்த மக்கள் அவர்கள். அவர்களின் வீட்டு மொழி நிலைப்பது, இந்த மண் பலரையும் அரவணைத்து வாழ்ந்தது என்பதற்கான சாட்சி நிலைப்பதே.

ஆரணிச் சேலைக்கு வேண்டிய ஜரிகையில் ஒரு பகுதி இன்றும் சூரத்திலிருந்து வருகிறது. சூரத் இருப்பது பழைய லாட நாட்டில். வணிகம் அந்த வழியை இன்றுவரை மறக்கவில்லை. பழைய பாவின் இழை முழுதும் தீர்ந்து தறியை விட்டு வெளியேறிவிட்டால், புதிய பாவை முறுக்கி இணைக்க முனையே கிடைக்காது என்பது நெசவாளர் யாவரும் அறிந்தது. இப்போது தறிகளில் அமர்ந்திருக்கும் முதிய தலைமுறையே நம் கையில் எஞ்சியுள்ள முனை.